பழவேற்காட்டில் யாரும் மெதுவாக இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் கனடாவிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி பேசினாள். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். இப்போது அவள் மகளே பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாளாம். "டீச்சர், நீங்க பழவேற்காட்டுல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தரீங்களாமே! இவளையும் லீவுல ரெண்டு வாரம் அனுப்பட்டுமா? காலேஜ் அப்ளிகேஷன்ல வாலன்டியர் பண்ணினதாப் போட்டுக்கலாம். அங்க லைஃப் ரொம்ப ஸ்லோவா, அமைதியா இருக்குமே. அவளுக்கும் ஒரு மாற்றமா இருக்கும்" என்றாள்.

அனுப்பு என்றும் சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். அந்த 'ஸ்லோ' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நானும் அதே சொல்லோடுதான் இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

ஊர் தெரியாதவர்களுக்காக: பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி தாண்டிப் போக வேண்டும். ஆங்கிலத்தில் புலிகாட் என்பார்கள். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நிற்கும் நிலம்தான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. ஏரியைச் சுற்றியும் கடலோரமாகவும் குப்பம் குப்பமாக மீனவர் ஊர்கள். அதில் ஒரு குப்பத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அறையில் தங்கி, சாயங்காலம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது. மீன் மட்டும் குறைவில்லாமல் வருகிறது.

முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். 36 வருடம் மணி அடித்து வாழ்ந்த உடம்பு இது. காலை 9.10க்கு முதல் மணி, 9.20க்கு இறைவணக்கம் என்று நாடி நரம்பெல்லாம் பழகிப்போயிருந்தது. இங்கே காலை பதினோரு மணிக்கு நடந்து போனால், ஆம்பிளைகள் மரத்தடியில் உட்கார்ந்து வலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். சிலர் படகு நிழலிலேயே துண்டை விரித்துத் தூங்குவார்கள். பெண்கள் கருவாட்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். "வேலை வெட்டி இல்லாத ஊரா இருக்கே" என்று மனசுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லும்போது மட்டும், "ஆஹா, என்ன நிதானமான வாழ்க்கை, நகரத்தில் நாம் இதைத் தொலைத்துவிட்டோமே" என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டேன். இரண்டும் ஒரே அறியாமைதான் என்பது பிறகு புரிந்தது.

வகுப்பு மாலை 5 மணி என்று அறிவித்தேன். வீட்டிலிருந்து ஒரு கைமணிகூடக் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். நாலாவது நாள் பதினொன்று. அடுத்த வாரம் ஒருநாள் மூன்றே பேர். எனக்குக் கோபமான கோபம். இலவசமாகச் சொல்லித் தருவதால் மதிப்பில்லை என்று பொருமினேன். பழைய வழக்கப்படி ஒரு வருகைப் பதிவேடு போட்டு, யார் வரவில்லை என்று தினமும் குறித்தேன்.

என்னோடு வகுப்பில் உதவிக்கு ஊர்ப்பெண் ஒருத்தி இருக்கிறாள். பிளஸ் டூ படித்தவள், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள். ஒன்றரை மாதம் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு ஒருநாள் அமைதியாக, "டீச்சரம்மா, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகள் குறைந்த நாட்களெல்லாம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே இருந்தன.

"அப்பதான் தண்ணி நல்லா ஓடும். எறா கெடைக்கும். பெரியவங்க எல்லாம் வலைகிட்டப் போயிடுவாங்க. புள்ளைங்கதான் கைக்குழந்தையப் பாத்துக்கணும், ஐஸ் வாங்கியாரணும், வந்த எறாலப் பிரிச்சுப் போடணும். நீங்க அஞ்சு மணின்னு சொன்னா, அஞ்சு மணிக்குத் தண்ணி எங்க இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றாள்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இது அறிவியல்தான் பிள்ளைகளே. கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. முகத்துவாரம் வழியாக ஏரியும் அதோடு ஏறி இறங்குகிறது. நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுவதால் தண்ணீரின் நேரமும் அதே அளவு தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தள்ளிவிடும். பதினைந்து நாளில் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்து சேரும். நான் இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்காகப் போட்டேன். "இன்று காலை 6 மணிக்குத் தண்ணீர் முழுக்க ஏறியிருந்தால் நாளை எத்தனை மணிக்கு?" வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "இதுக்கு எதுக்குக் கணக்கு? நாளைக்கு ரெண்டு நாழிகை தள்ளும்" என்றார். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். கரும்பலகையில் நான் எழுதிய விடைக்கும் பாட்டியின் விடைக்கும் இரண்டே நிமிட வித்தியாசம். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை.

அன்றோடு கைமணியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இப்போது வாரத் தொடக்கத்திலேயே அந்தப் பெண் கரும்பலகையில் ஏழு நாளுக்கும் ஏழு நேரம் எழுதிவிடுகிறாள். ஒருநாள் 4 மணி, ஒருநாள் 6.30. அமாவாசையை ஒட்டி இரண்டு நாள் வகுப்பே கிடையாது. வருகை சீராகிவிட்டது.

இந்த ஊர் மெதுவானது என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்து கரைக்கு வர வேண்டும். இருட்டில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் பதினோரு மணிக்குப் பார்த்த அந்தத் தூக்கம், ஒரு முழுநாள் உழைப்பு முடிந்த பிறகு வந்த தூக்கம். மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சோடு பேச்சாகக் கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக்குப் பக்கத்தில் 'சும்மா' உட்கார்ந்திருந்தவர்கள் காக்கையையும் நாயையும் காத்துக்கொண்டிருந்தார்கள். அது எவ்வளவு கடினம் என்று, ஒருநாள் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனபோதுதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் நாலு மீன் போய்விட்டது.

ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேண்டுமென்பதால் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். வேகமாக அசைந்தால் இறால் ஓடிவிடும். அதை மெதுவான வேலை என்பீர்களா?

இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. சில குப்பங்களில், ஏரியில் இறால் ஓடிவரும் குறிப்பிட்ட இடங்களில் குச்சி நட்டு வலை கட்டுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கட்ட முடியாதல்லவா? அதனால் இன்று இந்த இடத்தில் இவர்கள், நாளை வேறு இடத்தில் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறது. உங்கள் முறை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் முறை வந்த அன்று தூங்கிப்போனால், அது மறுபடி சுற்றி வரும்வரை போச்சு. நம் பள்ளி நேர அட்டவணையைவிடக் கண்டிப்பானது. தமிழில் பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம், மீன்பாடு என்றால் கிடைத்த மீன். முறைக்கும் அதே பெயர். இத்தனை வருடம் தமிழ் சொல்லித் தந்தும் இவ்வளவும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை இங்கே வந்துதான் கவனித்தேன்.

ஆனால் எல்லாவற்றையும் புகழ்ந்துவிடக் கூடாது. அந்தப் பாடு எல்லோருக்கும் கிடையாது. பரம்பரையாக உரிமை உள்ள மீனவக் குடும்பத்து ஆண்களுக்குத்தான். பெண்கள் பெயர் அதில் வராது. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு இறங்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஊரின் ஒழுங்கைப் பார்த்து வியக்கும்போதே, அந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கிறவர்களையும் பார்க்க வேண்டும். தொண்டு செய்ய வருகிறவர்களின் கண்ணுக்கு இது முதல் வாரத்தில் படாது.

காத்திருப்பிலும் இரண்டு வகை உண்டு. தண்ணீர் ஏறும் என்று தெரிந்து காத்திருப்பது ஒன்று. முகத்துவாரம் மணல் மூடி, கடலும் ஏரியும் பிரிந்துபோய், படகு வெளியே போக முடியாமல், இறால் உள்ளே வர முடியாமல் காத்திருப்பது இன்னொன்று. முகத்துவாரம் தூர்ந்துபோவது இந்த ஊர்களின் தீராத கவலை. நிரந்தரமாகத் திறந்திருக்க வழி செய்யுங்கள், கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்துக் கொடுங்கள் என்று பல வருடம் மனுக் கொடுத்து நின்றவர்கள் இவர்கள். அந்தக் காத்திருப்பை யாராவது 'நிதானமான வாழ்க்கை' என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள், படகு ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, "சொர்க்கம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதல் மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மாணவர்களில் சிலர் இந்நேரம், "டீச்சர், காலம் பொன் போன்றதுன்னு எங்களுக்குக் கட்டுரை எழுத வெச்சதே நீங்கதானே. இப்ப மணியைப் பெட்டியில வெச்சுட்டேன்னு சொன்னா எப்படி? பரீட்சை அமாவாசை பார்த்தா வருது?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம். பொதுத்தேர்வு காத்திருக்காது. நாளைக்கு இந்தப் பிள்ளைகள் எண்ணூரிலோ அம்பத்தூரிலோ வேலைக்குப் போனால் அங்கே கடிகாரம்தான் ராஜா. அதனால் கடிகாரத்தை நான் சொல்லித் தராமல் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஏற்கனவே ஒரு கடிகாரம் தெரியும், அது நம்முடையதைவிடக் கஷ்டமானது என்று ஒப்புக்கொண்ட பிறகு சொல்லித் தருகிறேன். 'நேரம் தவறுகிறவர்கள்' என்ற பெயரை ஒட்டிவிட்டுச் சொல்லித் தந்தால், பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது அந்தப் பெயரைத்தான்.

இதை நான் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரை ஒட்டியவள் நான்.

தொண்ணூறுகளில், காசிமேட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் நாலாம் வகுப்பில் ஒரு பையன். தினமும் தாமதம். தலை சீவியிருக்காது, சட்டையில் மீன் வாடை. கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெருமையில், தாமதமாக வருகிறவர்களை இறைவணக்கம் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான். அவன் ஏறத்தாழ தினமும் வெளியே நின்றான். அவன் அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போகிறவர். அவர் திரும்பும்வரை தங்கையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை அந்த அம்மா வந்து சொன்னார். "அதெல்லாம் உங்க வீட்டுப் பிரச்சினை, ஸ்கூலுக்கு நேரத்துக்கு அனுப்புங்க" என்று நான்தான் சொன்னேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. சில வாரம் கழித்து 'நீண்ட நாள் வராதவர்' என்று சிவப்பு மையில் எழுதினேன். என் கையெழுத்து அப்போதும் அழகாகவே இருந்தது.

அவன் எந்நேரமும் தாமதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் எழுந்த பிள்ளை அவனாகத்தான் இருந்திருக்கும். இது புரிய எனக்கு முப்பது வருடமும் ஒரு பழவேற்காடும் தேவைப்பட்டது.

பள்ளிக்கூடம் மாறவே மாறாது என்று சொல்லாதீர்கள். காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அம்மா விடியலில் மீன் விற்கப் போய்விடுவார், வீட்டில் அடுப்பு எரியாது என்பதைப் பள்ளி ஒப்புக்கொண்டு தன் வாசலைச் சீக்கிரம் திறந்திருக்கிறது. என் காலத்தில் அது இருந்திருந்தால், அந்தப் பையன் தங்கையையும் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்திருப்பானோ என்னவோ. குடும்பத்தின் நேரத்தைப் பார்த்துப் பள்ளி ஓர் அடி நகர்ந்தால் பிள்ளை பத்து அடி வரும். கடலோரப் பள்ளிகளில் சிறப்பு வகுப்பு, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் தண்ணீர் நேரம் பார்த்து வைக்கலாம். அதற்கு அரசாணைகூட வேண்டாம். ஊரில் ஒருவரைக் கேட்டால் போதும்.

சரி, கனடா மாணவிக்கு வருகிறேன்.

அம்மா, உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். லில்லியன் கார்ட்டர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார், படித்த நர்ஸ். 1966ல், தன் 68வது வயதில், பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தன்னார்வலர் அமைப்பில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் பக்கத்தில் விக்ரோலியில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார். 1961ல் கென்னடி ஆரம்பித்த அந்த அமைப்பில் பொதுவாக இரண்டு வருடம்தான் கணக்கு, அதற்கு முன் மொழியும் பழக்கவழக்கமும் கற்க சில மாதப் பயிற்சி வேறு. அந்த அமைப்பைப் பற்றி நல்லதும் கெட்டதும் பலர் சொல்வார்கள். ஆனால் இரண்டு வருடம் என்று வைத்தார்களே, அது விவரம் தெரிந்தவர்கள் வைத்த கணக்கு. வேற்றிடத்துக்குப் போகிறவர் தன் வேகத்தைக் கழற்றி வைக்கவே பல மாதம் ஆகும். எனக்கு இது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர், மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று. எனக்கே நோட்டும் நாட்காட்டியும் பக்கத்தில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

இரண்டு வாரம் என்பது அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை. நிலாவில் பாதி. தண்ணீர் ஒரு சுற்று சுற்றி வரும் நேரம். அதற்குள் உன் மகள் யாருக்கும் எதையும் கற்பிக்க முடியாது. பிள்ளைகள் அவளிடம் பிரியமாக ஒட்டிக்கொள்வார்கள், அழகான படங்கள் கிடைக்கும், பிறகு அவள் போய்விடுவாள். போன பிறகு, "அந்த அக்கா எப்ப வருவாங்க?" என்று என்னைக் கேட்பார்கள்.

ஆனாலும் அனுப்பு. தொண்டு செய்ய என்று வேண்டாம், கற்றுக்கொள்ள என்று அனுப்பு. பாடம் நடத்த வேண்டாம். இரண்டரை மணிக்கு எழுந்து கரைக்கு வரட்டும். கருவாட்டுக்குக் காவல் உட்காரட்டும், எத்தனை மீன் போகிறது என்று பார்ப்போம். பாட்டியிடம் நாழிகைக் கணக்குக் கேட்கட்டும். அப்ளிகேஷனில் 'மீனவக் குழந்தைகளுக்குக் கல்வி கற்பித்தேன்' என்று எழுதாமல், 'இரண்டு வாரம் மாணவியாக இருந்தேன்' என்று எழுதட்டும். அப்படி எழுத அவளுக்கு மனம் வந்தால், அடுத்த முறை ஆறு மாதத்துக்கு வருவாள். அப்போது பயன்படுவாள்.

கடைசியாக, 1994, 95 வாக்கில் காசிமேட்டில் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: கேட்டுக்கு வெளியே தினமும் நின்ற அந்தப் பையனை உங்களுக்கு நினைவிருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கலாம், அவர்களும் பள்ளிக்குப் போகலாம். அவனை ஒருமுறை பார்க்க வேண்டும். அவனுக்கு எந்த நேரம் வசதியோ, அந்த நேரத்துக்கு நான் வருகிறேன்.

நாளை வகுப்பு 5.40க்கு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்